நீர்நாய்க்கு வேறு பேர்

ஒரே ஒரு சொல்லுக்காக ஞானசௌந்தரி மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

காரைக்காலில் கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் டீச்சர் அவள். வயது நாற்பத்து மூன்று. பாடமெல்லாம் இங்கிலீஷுக்கு மாறிய பிறகு பிள்ளைகள் திண்டாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள். சென்னையில் பள்ளிகளுக்கு வீடியோ தயாரிக்கும் ஒரு கம்பெனி, இயற்கைப் படங்களைத் தமிழில் கொண்டுவர ஆள் தேடுகிறது என்று தெரிந்ததும் அவளாகவே எழுதிப் போட்டாள். பத்துப் படம் கொடுத்தார்கள். நான்காவது படம், பீவர் என்ற பிராணி ஓடையில் அணை கட்டுவதைப் பற்றியது.

குளிர்தேசத்து ஓடை. ஆட்டுக்குட்டி அளவு இருக்கும் பழுப்பு உருவம் ஒன்று, ஆரஞ்சு நிறப் பல்லால் மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கொறித்துச் சாய்க்கிறது. கிளைகளை வாயில் கவ்வி நீந்தி வந்து ஓடைக்குக் குறுக்கே செருகுகிறது. சேற்றை இரண்டு முன்னங்கைகளாலும் நெஞ்சோடு சேர்த்து அள்ளி வந்து அப்புகிறது. தண்ணீர் ஏறுகிறது. ஓடை குளமாகிறது. குளத்துக்கு நடுவில் குச்சியும் சேறுமாக ஒரு வீடு. வாசல் தண்ணீருக்கு அடியில்.

'அணை' என்று எழுதினால் பிள்ளைகளுக்கு மேட்டூரும் சிமெண்டும்தான் கண்ணில் வரும் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்றாம் நாள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. கொரம்பு! அம்பகரத்தூரில் அவள் அப்பா முத்தையன், கோடையில் ஆற்றில் தண்ணீர் இறங்கிப்போனால், நாலு பேரோடு போய் முளைக்குச்சி அடித்து, தென்னமட்டையும் வைக்கோலும் போட்டு, சேற்றை அப்பி வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்புவார். அதுதான் கொரம்பு. அந்தப் பிராணி செய்வதும் அதையேதான். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் எழுதினாள்: 'ஒரே ராத்திரியில் கொரம்பு கட்டி முடித்துவிடும் இந்த நீர்நாய்...'

கம்பெனியிலிருந்து அஃப்ரா என்ற பெண் போன் செய்தாள். "மேம், கொரம்புங்கற வார்த்தைய கேட்டுட்டு எங்க டைரக்டரே அசந்துட்டாரு."

நீர்நாய் என்ற வார்த்தையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை அவள் எழுதியிருந்தாள். நீர்நாயை அவள் பார்த்ததில்லை. பீவரையும் இந்தப் படத்துக்கு முன்னால் பார்த்ததில்லை. இரண்டும் ஒன்றுதானா என்று நினைத்துப் பார்க்கக்கூட இல்லை.

ஆகஸ்ட்டில் படம் வந்தது. ஏழாம் வகுப்பில் பெரிய திரையில் போட்டார்கள். தலைமையாசிரியர் ஹமீது சாரே வந்து கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். முடிவில் 'தமிழாக்கம்: ஞானசௌந்தரி, காரைக்கால்' என்று எழுத்து ஓடியதும் கைதட்டச் சொன்னார். பிள்ளைகள் தட்டினார்கள். அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

கைதட்டல் ஓய்ந்ததும் மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. முத்தமிழ். திருவேட்டக்குடி மீனவர் வீட்டுப் பெண். கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளை.

"டீச்சர், இது நீர்நாய் இல்ல டீச்சர்."

"என்னது?"

"நீர்நாய்க்கு வால் இப்புடித் தட்டையா இருக்காது. நீளமா இருக்கும். மரத்தல்லாம் கடிக்காது டீச்சர், மீன்தான் திங்கும். எங்கப்பா வலையில..."

ஹமீது சார் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானசௌந்தரிக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா, அந்தப் படத்த எடுத்தவங்க வருஷக்கணக்கா காட்டுலயே கெடந்து எடுத்திருக்காங்க. அவங்களுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சா?"

வகுப்பில் சிரிப்பு.

"இல்ல டீச்சர், நான் பாத்திருக்கேன்..."

"ஒங்க ஊரு நாய் ஏதாச்சும் தண்ணியில எறங்கியிருக்கும். அதப் பாத்திருப்ப."

இந்தத் தடவை வகுப்பே அதிர்ந்தது. ஹமீது சாரும் சிரித்தார். முத்தமிழ் உட்கார்ந்துவிட்டாள். அன்று மத்தியானமே பிள்ளைகள் அவளுக்கு 'நீர்நாய்' என்று பேர் வைத்துவிட்டார்கள். அது ஞானசௌந்தரியின் காதிலும் விழுந்தது. பிள்ளைகள் விளையாட்டு என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் அந்தப் படத்தை வைத்துத் தமிழிலேயே ஒரு சின்னப் பரீட்சை வைத்தாள். பத்துக் கேள்வி, பத்து மார்க். முதல் இரண்டு பேர் பள்ளிகளுக்கு இடையிலான வினாடி வினாவுக்குப் போகலாம். ஆறாவது கேள்வி: நீர்நாயின் உணவு எது?

முத்தமிழ் எழுதியிருந்தாள்: 'மீன், நண்டு, எறா. மரப்பட்டை தின்னாது. நான் பார்த்திருக்கிறேன்.'

ஞானசௌந்தரி சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டாள். 'நான் பார்த்திருக்கிறேன்' என்பதற்குக் கீழே கோடு இழுத்து, பக்கத்தில் 'படத்தைக் கவனிக்கவும்' என்று எழுதினாள். மற்ற ஒன்பதும் சரி. ஆதவனும் நௌஷினும் பத்துக்குப் பத்து. ஒரு மார்க்கில் முத்தமிழுக்கு வாய்ப்புப் போய்விட்டது.

செப்டம்பரில் ஒரு நாள், ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது அஃப்ரா கூப்பிட்டாள்.

"மேம், ஒரு சின்ன டவுட். கோயமுத்தூர்லேருந்து ஒரு டீச்சர் மெயில் போட்டிருக்காங்க. பீவர் வேற, நீர்நாய் வேறயாமே? நீங்க பாத்துட்டு ஓகேன்னு சொன்னீங்கன்னா அவங்களுக்குப் பதில் போட்டுருவேன்."

"பாக்கறேம்மா" என்றாள்.

போனிலேயே தேடினாள். வழவழவென்று எண்ணெய் தேய்த்த மாதிரி உடம்பு, நீண்ட வால், கரையில் வரிசையாக நாலு நீர்நாய்கள். ஒன்றின் வாயில் பாதி தின்ற மீன். இன்னொரு படத்தில் பீவர். பக்கத்திலேயே எழுதியிருந்தது, இது எலி, அணில் இனத்தைச் சேர்ந்தது, மீன் தின்னாது என்று. நம் நாட்டிலேயே இல்லாத பிராணி. பீவர் என்றே எழுதியிருந்தால் போதும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

டப்பாவை மூடினாள். எதிரில் கணக்கு டீச்சர், "என்னங்க, சாப்புடல?" என்றாள். "வயிறு சரியில்ல" என்றாள்.

அஃப்ராவுக்குப் பதில் போடவில்லை. அன்று போடவில்லை, மறுநாளும் போடவில்லை. ஹமீது சார் அவள் பெயரை நல்லாசிரியர் விருதுக்கு எழுதி அனுப்பியிருந்தார். படத்தின் கடைசிக் காட்சியை, அவள் பெயர் ஓடுவதை, போனில் பிடித்து எல்லாக் குழுவிலும் போட்டிருந்தார். விருது விஷயம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முத்தமிழ் மூன்று நாளாக வகுப்புக்கு வராததை வருகைப் பதிவேட்டில் குறித்தாள். காய்ச்சலாக இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

நாலாம் நாள் பாலகுரு வந்தார். முத்தமிழின் அப்பா. சலவைச் சட்டை போட்டிருந்தார். ஆசிரியர் அறை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"வாங்க, உக்காருங்க."

"இருக்கட்டும் டீச்சர்." நின்றுகொண்டேதான் பேசினார். "புள்ள நாலு நாளா பள்ளிக்கூடம் போவ மாட்டேங்குது. என்னன்னு கேட்டா, புள்ளைவொல்லாம் நீர்நாய்னு கூப்புடுதுவொளாம்."

"நான் கண்டிக்கிறேங்க."

"அய்யோ, அதுக்கு வரல டீச்சர். ஒரு பேர கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

"என்ன பேரு?"

அவர் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். முகத்துவாரம். காலை வெயில். சேற்றுக் கரையில் மூன்று நீர்நாய்கள் உருண்டு புரண்டு ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் கிழிந்த வலை.

"கடலுக்குப் போவாத நாள்ல முகத்துவாரத்துல வலை கட்டுவேன். இதுவொ வந்து வலையைக் கிழிச்சிட்டு மீன எடுத்துட்டுப் போயிருங்க. எங்க பக்கம் இத நீர்நாய்னுதான் சொல்லிக்கிட்டிருக்கோம். படிக்காத சனம், தப்பா சொல்லியிருப்போம். சரியான பேரு என்னன்னு சொன்னீங்கன்னா திருத்திக்கிருவோம் டீச்சர். புள்ளைக்கும் சொல்லிருவேன்."

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் நாலு வார்த்தை. கணக்கு டீச்சர் நோட்டுத் திருத்துவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இது... இது வேற வகைங்க" என்றாள் ஞானசௌந்தரி. "உள்ளூர்ல நீர்நாய்னு சொல்றதுதான். ஆனா அறிவியல்ல நீர்நாய்னா படத்துல வந்துச்சுல்ல, அதுதான்."

"அப்ப இதுக்கு என்ன பேரு டீச்சர்?"

"ஆத்துக்கீரி."

அந்த நிமிஷத்தில் வாயில் வந்த பேர். எந்தப் புத்தகத்திலும் அவள் அதைப் படித்ததில்லை.

"ஆத்துக்கீரி" என்று அவர் சொல்லிப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது. "மறந்துருவேன் டீச்சர். ஒருதடவ சொல்லுங்க, பதிஞ்சிக்கிறேன்" என்று போனை நீட்டினார்.

ஞானசௌந்தரி போனுக்குள் இன்னொரு தடவை சொன்னாள். "ஆத்துக்கீரி." அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் முத்தமிழ் வந்தாள். வருகைப் பதிவு எடுப்பதற்கு முன்னாலேயே எழுந்து பெஞ்சைவிட்டு வெளியே வந்து நின்றாள். இடது கன்னம் கொஞ்சம் வீங்கியிருந்தது.

"டீச்சர், நான் தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க. அது நீர்நாய் இல்ல. ஆத்துக்கீரி." பாடம் ஒப்பிப்பதுபோல் ஒரே மூச்சில் சொன்னாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஞானசௌந்தரி சிரிக்காதீங்க என்று மேசையைத் தட்டினாள். பிறகு, "சரி, போய் உக்காரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதி எழுதினாள். எழுதி முடித்த பிறகும் திரும்ப முடியவில்லை. சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு, அதை எடுக்கிற சாக்கில் குனிந்தே இருந்தாள்.

மத்தியானம் ஹமீது சார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவரே ஒத்துக்கிட்டுப் போயிட்டாரு. பொண்ணும் மன்னிப்புக் கேட்டாச்சு. இப்ப எதுக்கு டீச்சர் கிளறிக்கிட்டு? ஒரு பேருதானே? அடுத்த வருஷம் பசங்களுக்கு மாத்திச் சொல்லிக்கலாம்."

அவர் நல்ல மனுஷர்தான். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டதும் தன் மனசு லேசானதை ஞானசௌந்தரி கவனித்தாள். சே, என்ன பொம்பளை நான் என்று இருந்தது. முந்தின நாள் சொன்ன பொய்யைவிட இந்த நிம்மதி அவளை அதிகமாகக் கூசவைத்தது.

சனிக்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு திருவேட்டக்குடிக்குப் போனாள். வலைக் கொட்டகையில் ஏழெட்டுப் பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அவள் வண்டியை நிறுத்தும்போதே பேச்சு காதில் விழுந்தது.

"நேத்தும் வந்து கிழிச்சிட்டுப் போயிருச்சிடா."

"எது?"

"அதான், பாலகுரு சொன்னானே, ஆத்துக்கீரி."

டீச்சரைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பாலகுரு கையில் வலை ஊசியோடு ஓடிவந்தார். ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் அவள் நினைத்து வந்திருந்தாள். இப்போது பார்த்தால் அந்தப் பேர் ஊர் முழுக்கப் போயிருந்தது.

"பாலகுரு, அன்னைக்கு நான் ஒங்ககிட்ட பொய் சொன்னேங்க" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "அது நீர்நாய்தான். நீங்க சொன்னதுதான் சரி. படத்துல வந்தது பீவர்னு வேற பிராணி. எழுதறப்ப நான்தான் தப்பா எழுதிட்டேன். ஆத்துக்கீரின்னு ஒண்ணு கெடையாது. அத நானா கட்டிச் சொன்னேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள்.

பாலகுரு அவளையே பார்த்தார். "தெரியாம சொன்னீங்களா, தெரிஞ்சே சொன்னீங்களா டீச்சர்?"

"தெரிஞ்சேதாங்க. நீங்க வர்றதுக்கு மூணு நாளைக்கு முன்னாடியே தெரியும்."

அவர் கொட்டகைக் காலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஊசியில் இருந்த நூலைச் சுற்றினார், அவிழ்த்தார்.

"எம்புள்ளைய அடிச்சேன் டீச்சர்" என்றார். "மன்னிப்புக் கேளுன்னேன். மாட்டேன்னா. நீயே பாத்திருக்கியேப்பா, போன வாரங்கூட வீடியோ எடுத்தியேப்பான்னா. டீச்சரைவிட ஒனக்குத் தெரியுமாடின்னு கன்னத்துல வுட்டேன்." ஊசியைக் கீழே வைத்தார். "சின்ன வயசுலேருந்து பாத்துக்கிட்டிருக்கேன். அது சத்தம் போட்டாலே எத்தினி நிக்கிதுன்னு சொல்லிருவேன். நீங்க ஒரு வார்த்த சொன்னதும் எங்கண்ணு எனக்குப் பொய்யாப் போச்சு. ஒங்கள என்ன சொல்றது?"

திட்டியிருந்தால் ஞானசௌந்தரிக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் தன்னைத்தான் நொந்துகொண்டார். ஆட்களுக்கு முன்னால் அந்த மனிதரையும் தலைகுனிய வைத்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"புள்ளைய பாக்கணும்" என்றாள்.

வீடு இரண்டு தெரு தள்ளி. முத்தமிழ் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"முத்தமிழ், நீ சொன்னதுதாம்மா சரி."

"எனக்குத் தெரியும் டீச்சர்."

"நான் ஒனக்கு மார்க் போடல. வகுப்புல எல்லாரும் சிரிக்கற மாதிரிப் பேசினேன். மன்னிச்சிரும்மா."

அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது.

"நான் எல்லார் முன்னாடியும் கேட்டேன் டீச்சர்" என்றது. "நீங்க இங்க வந்து கேக்குறீங்க."

"ஏய்!" என்றார் பாலகுரு. ஞானசௌந்தரி அவரைக் கையமர்த்தினாள். "சரியாத்தான் கேக்குது" என்றாள்.

திங்கட்கிழமை காலை இறைவணக்கம் முடிந்ததும் அவள் மைக்கிடம் போனாள். ஹமீது சாரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். பீவர் என்ன, நீர்நாய் என்ன என்று சொன்னாள். தான் தப்பாக எழுதியதைச் சொன்னாள். முத்தமிழ் வகுப்பில் எழுந்து சொன்னதையும், தான் அவளைக் கேலி செய்ததையும் சொன்னாள். "அதுக்கப்புறம் அவ அப்பா வந்து கேட்டப்போ, தப்புன்னு தெரிஞ்சும் பொய் சொன்னேன்" என்று சொல்லும்போது குரல் பிசிறியது. முந்நூறு பிள்ளைகள் வரிசையில் நின்று கேட்டார்கள். ஒன்றாம் வகுப்பு வரிசையில் ஒரு குழந்தை மட்டும், டீச்சர் அழுவுறாங்க என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னது.

முத்தமிழைப் பார்த்து, "என்னைய மன்னிச்சிரு" என்றாள். அந்தப் பெண் மற்ற பிள்ளைகளைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றுகொண்டிருந்தது.

அன்றே அஃப்ராவுக்கும் போன் செய்தாள். படம் நிறையப் பள்ளிகளுக்குப் போய்விட்டது என்றும், குரலைத் திரும்பப் பதிய வேண்டும் என்றும் அந்தப் பெண் கவலைப்பட்டாள். "அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா மேம்..." என்று இழுத்தாள். மிச்சம் இருந்த படங்களை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். திருத்திய படம் நவம்பரில் வந்தது. அதில் பீவர் என்றே சொன்னார்கள். கொரம்பு இருந்தது. அவள் பெயர் இல்லை. அவள்தான் எடுத்துவிடச் சொல்லியிருந்தாள்.

விருதுப் பட்டியலிலும் அவள் பெயர் வரவில்லை. எதனால் என்று யாரையும் கேட்கவில்லை. வினாடி வினா எப்போதோ முடிந்திருந்தது. முத்தமிழை 'நீர்நாய்' என்று கூப்பிடுவதைப் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஞானசௌந்தரி வராந்தாவில் நடந்து போகும்போது, "டேய், ஆத்துக்கீரி வருதுடா" என்று தூணுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பேர் தனக்கு வந்ததுதான் நியாயம் என்று நினைத்துக்கொள்வாள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முதுகு கூசும்.

முத்தமிழ் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் வந்தாள். நோட்டெல்லாம் சுத்தமாக இருந்தது. கேட்டால் பதில் சொல்வாள். தானாகக் கையைத் தூக்குவது மட்டும் நின்றுபோயிற்று.

டிசம்பரில், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், ஞானசௌந்தரி கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தாள். மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் போன பாலகுரு அவளைப் பார்த்துவிட்டார். வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கி வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நல்லாருக்கீங்களா டீச்சர்?"

"நல்லாருக்கேங்க. முத்தமிழ் என்ன பண்ணுது?"

"படிக்குது டீச்சர். இங்கிலீஷுதான் கொஞ்சம் சங்கடமா இருக்குங்குது. எங்களுக்கு என்ன தெரியும்? நீங்கதான் பாத்து சொல்லிக் குடுக்கணும். நீங்க என்ன சொன்னாலும் அது கேட்டுக்கும்."

ஞானசௌந்தரியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் சொன்னதெல்லாம் கேக்க வேணாங்க" என்றாள். "தப்புன்னா தப்புன்னு சொல்லச் சொல்லுங்க."

பாலகுரு சிரித்தார். டீச்சர் தன்னடக்கமாகப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "அதெப்புடிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, துண்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

கடைக்காரர், "வேற என்ன போடட்டும்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். வேறு என்ன வாங்க வந்தோம் என்பது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.